குரல்வளைப் பாப்பிலோமா: ஒவ்வொரு அறுவையிலும் கொஞ்சம் விட்டுவைப்பது சரியா?

கேள்வி: நான்கு வயது மகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது நான்கு வயது நடக்கிறது. அவளுக்கு இரண்டரை வயதானபோது அழுகுரல் மாறத் தொடங்கியது. முதலில் தொண்டை கட்டியதுபோல் கம்மிய குரல்; சில வாரங்களில், வாய் திறந்து அழுதாலும் காற்று மட்டும் வெளிவருவது போன்ற ஓசையற்ற அழுகை. சளி என்றார்கள், பிறகு ஆஸ்துமா என்றார்கள். ஏழு மாதங்கள் நெபுலைசர் வைத்தோம். இருமல் சற்றுத் தணிந்ததே தவிர குரல் திரும்பவில்லை. ஒரு நாள் இரவு அவள் தூங்கிக்கொண்டிருக்கையில், மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் கீச்சென்று ஓர் ஒலி கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கழுத்தின் அடியில் மார்பெலும்புக்கு மேலுள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழமாக உள்ளே போய் வந்தது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடினோம். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்த மருத்துவர், குரல் நாண்களின் மேல் திராட்சைக் கொத்துப்போல் வளர்ச்சிகள் அடைத்திருப்பதைத் திரையில் எங்களுக்கும் காட்டினார். திசுப் பரிசோதனையில் பாப்பிலோமா என்று உறுதியானது. மனிதப் பாப்பிலோமா வைரஸின் 11-ஆம் வகை என்றும் அறிக்கை வந்தது.

அதன் பிறகு பதினொரு மாதங்களில் ஐந்து முறை மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பிய இரண்டாம் நாள் அவள் குரல் தெளிந்துவிடும். அவள் "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே நான் அடுத்த அறைக்குப் போய் நிற்பேன். ஆறு, ஏழு வாரங்களில் மீண்டும் கரகரப்பு ஆரம்பித்துவிடும்.

ஐந்தாவது அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், "முன்புறம் நாண்கள் சேரும் இடத்தில் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் அமைதியாக இல்லை. முழுதாக எடுக்காமல் விட்டதால்தானே திரும்ப வளர்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மருத்துவரை மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் ஆலோசனை கேட்ட இன்னொருவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டால் அடிக்கடி மயக்க மருந்து கொடுக்கும் தேவை குறையும் என்றார். வேறொருவர், நரம்பு வழியாக ஏற்றும் ஒரு மருந்து இருப்பதாகச் சொன்னார். இவற்றில் எதை நம்புவது? ஒன்றரை வயது மகனும் வீட்டில் இருக்கிறான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். அவனுக்கும் இது தொற்றுமா? இந்த வைரஸ் என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்ததா என்ற கேள்வியை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறேன்.

பதில் 1: காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்

அம்மா, உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். உங்கள் மருத்துவர் விட்டுவைத்தது சரியான முடிவு. அதை மறைக்காமல் உங்களிடம் சொன்னதும் சரி. அந்த ஒரு காரணத்துக்காக அவரை மாற்ற வேண்டாம்.

இந்த நோயில் வைரஸ், வளர்ச்சி தெரியும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. பக்கத்தில் வழவழப்பாக, முற்றிலும் இயல்பாகத் தோன்றும் சவ்வின் உயிரணுக்களுக்குள்ளும் அது அடங்கிக் கிடக்கிறது. எனவே நுண்ணோக்கியில் தெரியும் கடைசி மொட்டுவரை சுரண்டி எடுத்தாலும் நோயை வேரோடு எடுத்துவிட்டதாக எந்த அறுவை மருத்துவரும் சொல்ல முடியாது. அப்படிச் சுரண்டுவதால் கிடைப்பது சில வாரக் கூடுதல் அவகாசமாக இருக்கலாம். ஆனால் அதற்கு ஈடாகக் குரல் நாணின் மேற்படலத்துக்குக் கீழேயுள்ள மென்மையான அடுக்கு சிதைந்தால், அந்த வடு ஆயுள் முழுவதும் இருக்கும். பாப்பிலோமா ஒரு நாள் நின்றுபோகலாம். வடுப்பட்ட நாண் பழைய நாணாகத் திரும்பாது.

முன்புறச் சந்திப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு குரல் நாண்களும் முன்பக்கத்தில் கவட்டையின் இரு கிளைகளைப்போல ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே இரு பக்கத்தையும் ஒரே அமர்வில் புண்ணாக்கினால், ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு சவ்வு உருவாகிவிடும். அது குரலைக் கெடுப்பதோடு காற்றுப் பாதையையும் சுருக்கும்; அதைப் பிரித்துச் சரிசெய்வது பாப்பிலோமாவை எடுப்பதைவிடக் கடினம். நான்கு வயதுக் குழந்தைக்கு மயக்கத்தின்போது பொருத்தும் சுவாசக் குழாயின் உள்விட்டம் சுமார் 5 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு சிறிய இடத்தில் இந்த வேலை நடக்கிறது என்பது புரியும். ஆகவே ஒரு பக்கத்தை இன்று எடுத்துவிட்டு, மறுபக்கத்தை அடுத்த முறைக்கு வைப்பதும், சந்திப்பில் சிறிது விட்டுவைப்பதும் பழகிய கைகள் கடைப்பிடிக்கும் முறை. ஒவ்வோர் அறுவையிலும் நாங்கள் அடைய நினைப்பது மூன்றுதான்: மூச்சு தடையின்றிப் போக வேண்டும், குரல் முடிந்த அளவு மிஞ்ச வேண்டும், அடுத்த அறுவைவரை போதிய இடைவெளி கிடைக்க வேண்டும். முழுமையாக ஒழிப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

எந்தக் கருவியால் செய்தார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். இன்று குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோடிபிரைடர் பயன்படுகிறது. சுழலும் சிறிய வெட்டுமுனையும் உறிஞ்சு குழாயும் ஒன்றாக இணைந்த கருவி அது. வெப்பம் இல்லாததால் அடியில் உள்ள திசு சுடப்படுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரும் நல்ல கருவியே. ஆனால் வெப்பம் ஆழமாக இறங்கினால் வடு வரும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீப்பற்றாமல் காக்க வேண்டும். எழும் புகையில் வைரஸின் துகள்கள் இருக்கக்கூடும் என்பதால் அறையில் உள்ளவர்கள் தக்க முகக்கவசம் அணிந்து புகையை உறிஞ்சி அகற்ற வேண்டும். எனினும் கருவியைவிட அதைப் பிடிக்கும் கையும், அருகில் நிற்கும் மயக்கவியல் மருத்துவரின் அனுபவமும் முக்கியம். அறுவை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ளும் அறுவை இது. குழந்தைகளின் காற்றுப் பாதை அறுவையை அடிக்கடி செய்யும் குழு உள்ள இடமா என்பதே நீங்கள் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம்.

கழுத்துத் துளை பற்றி: டிராக்கியாஸ்டமி செய்தால் வசதி என்று நினைத்து இந்த நோயில் அதைச் செய்யக் கூடாது. துளையிடும் இடத்தில் சவ்வு காயப்படுகிறது. இருவகைச் சவ்வுகள் சந்திக்கும் புதிய எல்லை ஒன்று உருவாகிறது. இந்த வைரஸ் விரும்பிக் குடியேறுவது அத்தகைய எல்லைகளில்தான். குரல்வளையோடு நின்றிருந்த நோய் மூச்சுக்குழாய்க்குள் இறங்க அது வழிவிடக்கூடும். உயிர் போகும் அவசரத்தில் வேறு வழியே இல்லையென்றால் செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் முடிந்த விரைவில் குழாயை அகற்றத் திட்டமிட வேண்டும். உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லும் நிலையில் அதற்கு இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடிக்கடி மயக்க மருந்து கொடுப்பது குறித்த கவலை நியாயமானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பவோ, மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ மயக்க மருந்து கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. இந்த அறுவைகள் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் முடிபவை. மூச்சு அடைபடுவதால் வரும் கேடு உடனடியானது, உறுதியானது. அதனால் மயக்க மருந்துக்கு அஞ்சி அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. ஆண்டுக்கு நான்குக்கு மேல் அறுவை தேவைப்படும்போதும், வளர்ச்சி மூச்சுக்குழாய்க்குக் கீழே பரவும்போதும், மிக வேகமாக வளர்ந்து மூச்சை அடைக்கும்போதும் துணை மருந்துகளைப் பற்றி யோசிப்பது வழக்கம். பதினொரு மாதங்களில் ஐந்து என்பது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. மூன்று வயதுக்கு முன்பே நோய் கண்டறியப்படும் குழந்தைகளிடம் அது தீவிரமாக இருப்பதையும் 11-ஆம் வகை பல ஆய்வுகளில் கடுமையான போக்கோடு தொடர்புபட்டிருப்பதையும் நாங்கள் பார்க்கிறோம். எனவே மருந்து பற்றிய பேச்சு உங்களிடம் வந்தது உரிய நேரத்தில்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அறுவையின்போதும் எடுத்த படங்களையும், டெர்கே மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். குரல்வளையையும் மூச்சுப் பாதையையும் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வளர்ச்சி இல்லை என்றால் 0 முதல் மிகப் பருத்தது என்றால் 3 வரை மதிப்பிடும் முறை அது. மருந்து வேலை செய்கிறதா என்பதை ஆறு மாதங்கள் கழித்து நினைவை நம்பித் தீர்மானிக்க முடியாது. எண்கள் இருந்தால் முடியும்.

பதில் 2: பதினேழு வயது மகனின் தந்தை

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தபோது பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. கழுத்துக் குழி உள்ளே போவதை எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகனுக்கு மூன்று வயதில் கண்டுபிடித்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று அறுவைகள். கடைசியாகச் செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சில பிள்ளைகளுக்குப் பருவ வயதையொட்டி நோய் அடங்கிவிடுகிறது என்பார்கள். எங்களுக்கு அப்படி நேர்ந்தது. எல்லோருக்கும் நேரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே வார்டில் எங்களோடு பழகிய ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிலும் தொடர்கிறது.

நாங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன். எட்டாவது அறுவைக்கான நேரம் நெருங்கியபோது, பள்ளித் தேர்வு முடியட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். அவன் பகலில் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். மெதுவாக அடைபடும் மூச்சுக்குப் பிள்ளைகள் பழகிப்போகிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான், பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான், அதைச் சோம்பல் என்று நினைத்தோம். அப்படியிருக்கையில் வெளியூரில் ஒரு நாள் சாதாரண சளி பிடித்தது. அந்த வீக்கம் மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிட்டது. அருகில் இருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தவர் ஆஸ்துமா என்று முடிவு செய்து நெபுலைசரை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார். என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. பாப்பிலோமா என்ற சொல்லை நான் பதற்றத்தில் சரியாகச் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. பொழுது விடிவதற்குள் ஆம்புலன்ஸில் எங்கள் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்தோம்.

மறு வாரமே எங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். நோயின் பெயர், வளர்ச்சி இருக்கும் இடங்கள், கடைசி அறுவையின் தேதி, எந்த அளவுச் சுவாசக் குழாய் போயிற்று, மயக்கத்தின்போது என்ன சிரமம் வந்தது, "பார்க்காமல் குழாயைச் செலுத்த முயல வேண்டாம், குழந்தைகளின் காற்றுப் பாதை அறுவை மருத்துவரையும் மயக்கவியல் மருத்துவரையும் உடனே அழைக்கவும்" என்ற வரி, மருத்துவரின் தொலைபேசி எண். இவ்வளவுதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்றைப் பள்ளிப் பையிலும் ஒன்றை என் பணப்பையிலும் வைத்தோம். இன்றைக்கும் என் பணப்பையில் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது, எடுத்தெறிய மனம் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனை ஒரே வாக்கியத்தைச் சொல்லவைத்து அலைபேசியில் பதிவு செய்தோம். ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்லி, எத்தனை முறை இடையில் மூச்சு வாங்குகிறான் என்றும் குறித்தோம். தினமும் கேட்கும் குரலில் சிறுகச் சிறுக ஏற்படும் மாற்றம் பெற்றோரின் காதுக்குத் தெரிவதில்லை. நான்கு வாரப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் பளிச்சென்று தெரியும். இதை வைத்தே எங்கள் மருத்துவர் அடுத்த அறுவையின் தேதியை முன்னதாகக் குறிக்கத் தொடங்கினார். அதன் பிறகு அவசரமாக ஓட வேண்டிய நிலை எங்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கும் நள்ளிரவில் நீலம் பாய்ந்த உதடுகளோடு செய்யும் அறுவைக்கும் இடையிலான வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தவன். தயவுசெய்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும்போதே கீச்சொலி கேட்டாலும், விலா இடுக்குகள் உள்ளே இழுபட்டாலும், தண்ணீர் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலும் காத்திருக்க வேண்டாம். திடீரென்று கீச்சொலி நின்று குழந்தை அமைதியாவது எப்போதும் நல்ல அறிகுறி என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகாவிட்டாலும் ஒலி நின்றுவிடும்.

பதில் 3: மகப்பேறு மருத்துவர்

நீங்கள் யாரிடமும் கேட்காத கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பூசி மெழுகினால் உங்கள் மனம் இன்னும் மோசமானதைக் கற்பனை செய்துகொள்ளும். சிறு குழந்தைகளிடம் வரும் பாப்பிலோமாவில், வைரஸ் பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குச் சேருகிறது. ஆனால் இது உலகில் மிகப் பரவலாக உள்ள வைரஸ்களில் ஒன்று. அது தம்மிடம் இருப்பதையே பெரும்பாலானோர் ஒருபோதும் அறிவதில்லை. எந்தப் புண்ணும் மருவும் இல்லாமல் வந்து, தானாகவே மறைந்தும் விடுகிறது. 2003-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பிறப்புறுப்பு மருக்கள் இருந்ததாகப் பதிவான தாய்மார்களின் பிரசவங்களில்கூட, 1000-க்கு 7 குழந்தைகளுக்கே இந்த நோய் வந்தது. அதாவது வைரஸைச் சந்திக்கும் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஒரு குழந்தையின் உடல் மட்டும் அதை விரட்ட முடியாமல் போகிறது என்பது அந்தக் குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பைச் சார்ந்தது; தாய் செய்த எதையும் செய்யாத எதையும் சார்ந்தது அல்ல.

அறுவைப் பிரசவம் செய்திருந்தால் தடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்லியிருந்தால், அறுவைப் பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இந்நோய் வந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். இதைத் தடுப்பதற்காக மட்டும் அறுவைப் பிரசவம் செய்யப் பரிந்துரைப்பதில்லை.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிக்கொண்டு தூங்குவதாலோ, அவள் இருமுவதாலோ தம்பிக்கு இது வந்துவிடும் என்று பிரிக்க வேண்டியதில்லை. பள்ளியிலும் அவளைத் தனியே உட்காரவைக்கத் தேவையில்லை. வைரஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் சில பள்ளிகள் தயங்குகின்றன. மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வைரஸுக்கான தடுப்பூசி பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006 முதல் பயன்பாட்டில் உள்ள நான்கு வகைத் தடுப்பூசியும் 2014-இல் வந்த ஒன்பது வகைத் தடுப்பூசியும், பெரும்பாலும் இந்நோயை உண்டாக்கும் 6, 11 ஆகிய இரண்டு வகைகளுக்கும் எதிராக வேலை செய்கின்றன. 16, 18 ஆகியவற்றை மட்டும் குறிவைக்கும் இருவகைத் தடுப்பூசியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2007-இல் பெண்களுக்கு நான்கு வகைத் தடுப்பூசியைத் தேசிய அளவில் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே இந்த நோய் புதிதாக வரும் குழந்தைகளின் விகிதம் 2012-இல் 1,00,000-க்கு 0.16 ஆக இருந்தது, 2016-இல் 0.02 ஆகக் குறைந்தது. இன்றைய சிறுமிகளுக்குப் போடும் ஊசி நாளைய குழந்தைகளின் குரல்வளையைக் காப்பாற்றுகிறது என்பதை நான் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே உள்ள வைரஸைத் தடுப்பூசி கொல்லாது. ஆனால் போட்டுக்கொண்ட பின் சிலருக்கு அறுவைகளுக்கு இடையிலான காலம் நீண்டதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வழக்கமான வயது ஒன்பது என்பதால், முன்னதாகவே போடலாமா என்பதை அவளுடைய மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது. மூன்றாவது பதிலைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் படிக்க முடியாமல் போக, மீதியை அவர் வாங்கிப் படித்தார்.

மருத்துவர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களிடம் சொன்ன மருந்தின் பெயர் பெவாசிசுமாப். அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று அறிந்ததும் பயந்துவிட்டோம். இது புற்றுநோயாக மாறிவிட்டது என்பதை எங்களிடம் மறைக்கிறார்களா?

பதில் 4: காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்

மறைக்கவில்லை, அம்மா. குழந்தைகளிடம் பாப்பிலோமா புற்றுநோயாக மாறுவது மிக அரிது. நுரையீரலுக்குள் பரவிய நோயில்தான் அந்த அச்சம் கூடுதல். நோயின் போக்கு மாறினால் திசுவை மீண்டும் பரிசோதனைக்கு அனுப்புவதும் அதற்காகத்தான்.

பாப்பிலோமாவின் ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்த ஒரு தண்டு இருக்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதற்கான சமிக்ஞையைப் பெவாசிசுமாப் தடுக்கிறது. ஊட்டம் நின்றவுடன் மொட்டு வாடிச் சுருங்குகிறது. புற்றுநோய்க் கட்டிக்கும் அதே இரத்தக் குழாய்கள் தேவை என்பதால் அங்கும் பயன்படுகிறது, அவ்வளவுதான் தொடர்பு. கத்தி எட்டாத மூச்சுக்குழாய் நோயிலும் இது பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. பல குழந்தைகளுக்கு அறுவைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. வழக்கமாக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, உடல் எடைக்கு ஏற்ற அளவில் ஏற்றத் தொடங்கி, பலன் தெரிந்த பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போவார்கள்.

ஆனால் இது வைரஸை அகற்றும் மருந்து அல்ல. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வளர்கிறது. ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். இரத்தக்கசிவு வரலாம், புண் ஆறுவது தாமதமாகும் என்பதால், அறுவைக்கும் மருந்து ஏற்றும் நாளுக்கும் இடையே போதிய நாட்களை விட வேண்டும். வளரும் எலும்புகளுக்கு என்ன செய்கிறது என்பதைக் குழந்தைகளிடம் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதைத் தொண்டை மருத்துவர் மட்டும் தனியே முடிவு செய்யக் கூடாது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். தொடங்குமுன் நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை முறை ஏற்றிய பின் பலனை மதிப்பிடுவீர்கள், எந்த நிலையில் நிறுத்துவீர்கள், நெஞ்சுப் பகுதியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்றா.

வேறு மருந்துகளின் பெயர்களும் உங்கள் காதில் விழலாம். சிடோஃபோவிர் என்பதை அறுவையின்போதே வளர்ச்சி இருந்த இடத்தில் ஊசியால் செலுத்துவார்கள். விலங்குகளிடம் அது புற்றை உண்டாக்கியதால் பெற்றோரிடம் விளக்கி ஒப்புதல் பெற்றே பயன்படுத்த வேண்டும். முன்பு அதிகம் கொடுத்த இன்டர்ஃபெரான், காய்ச்சலையும் சோர்வையும் தந்ததாலும் நிறுத்தியதும் நோய் சீறி எழுந்ததாலும் இப்போது பின்னுக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாப்சிமியோஸ் என்ற மருந்தை இந்நோய்க்கென்றே அங்கீகரித்தது. 6, 11 ஆகிய வகைகளால் பாதிக்கப்பட்ட உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே தேடி அழிக்குமாறு தூண்டும் ஊசி அது. அங்கீகாரம் பெரியவர்களுக்கு மட்டும்தான். உங்கள் மகளுக்கு இன்று அது கிடைக்காது. என்றாலும் என் பணிக்காலத்தில் இந்நோயின் வேரையே நோக்கிப் போகும் மருந்து ஒன்று அங்கீகாரம் பெற்றதைப் பார்த்ததில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பதில் 5: பேச்சு மற்றும் குரல் சிகிச்சையாளர்

குரலைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். கரகரப்பு அதிகமாகும்போது குழந்தைகள் கழுத்தை இறுக்கி, முக்கிப் பேசப் பழகிவிடுகிறார்கள். வளர்ச்சியை எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிடுகிறது. அறுவைகளுக்கு இடையே குரல் நன்றாக இருக்கும் வாரங்களில் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். மோசமான வாரங்களில் பயிற்சியால் பாப்பிலோமா கரையாது, குழந்தைக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

வீட்டில் செய்யக்கூடியது: அவள் பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடவைக்க வேண்டாம். கையில் ஒரு சிறு மணியைக் கொடுங்கள். பள்ளியில் முன்வரிசையில் உட்காரவைத்து, கையுயர்த்தினால் ஆசிரியர் அருகில் வந்து கேட்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மற்றக் குழந்தைகள் "உன் குரல் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். அதற்கு அவளே சொல்லக்கூடிய ஒரு வரியை இப்போதே பழக்கிவையுங்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமி, "என் தொண்டையில் குட்டிக் குட்டி மரு முளைக்கும், டாக்டர் எடுத்துவிடுவார்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவாள்.

கேட்டவரின் மறுமொழி

"அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்க அடுத்த அறையில் போய் நின்றேன் என்று எழுதியவள் நான். இனி நிற்க மாட்டேன்.

இன்று எங்கள் மருத்துவரைப் பார்த்தோம். படங்களையும் ஐந்து அறுவைகளின் மதிப்பெண்களையும் தயங்காமல் கொடுத்தார். மூன்றாவது முறை 14, நான்காவது முறை 11, இப்போது 12. நெஞ்சு ஸ்கேனுக்குத் தேதி குறித்திருக்கிறார். அதன் பிறகு புற்றுநோய் மருத்துவரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசலாம் என்றார். ஒரு பக்கக் கடிதத்தைக் கேட்டபோது, உடனே தட்டச்சு செய்து கையெழுத்திட்டுத் தந்தார். இரண்டு பிரதிகள் எடுத்து உறையில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்று மாலையே முதல் பதிவையும் எடுத்தோம். இருபது வரை எண்ணுவதற்குள் நான்கு முறை மூச்சு வாங்கினாள்.